டிமென்ஷியா ஹோமுக்கு மியூசிக் தெரபிஸ்ட் வைக்கலாமா, இல்ல அந்தக் காசுக்கு இன்னொரு நைட் அட்டெண்டர் போடலாமா?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சி பக்கத்துல ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துற முதியோர் இல்லத்துல நான் கமிட்டி மெம்பர், வரவு செலவு பாக்குறது என் பொறுப்பு. மொத்தம் 22 பேர் இருக்காங்க, அதுல 14 பேருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், சிலருக்கு இப்பதான் ஆரம்பம், நாலஞ்சு பேருக்கு ரொம்ப முத்திப்போச்சு. சாயங்காலம் நாலரை மணி ஆனா போதும், வீட்டுக்குப் போகணும்னு ஒரு ஐயா கேட்டைப் புடிச்சு ஆட்ட ஆரம்பிச்சிடுவார், அதைப் பாத்துட்டு இன்னொரு அம்மா அழ ஆரம்பிப்பாங்க, விளக்கு வச்சு ஒரு மணி நேரம் வரைக்கும் இதேதான், அட்டெண்டர் பொண்ணுங்க பாவம் ஓடிக்கிட்டே இருக்குங்க. ராத்திரி 22 பேருக்கும் சேத்து ஒரே ஒரு ஆள்தான்.

இப்ப வெளிநாட்டுல இருக்கிற ஒரு குடும்பம் மாசம் 20,000 ரூபா ஒரு வருஷத்துக்குத் தர்றோம், மியூசிக் தெரபி மாதிரி ஏதாவது நல்லதா செய்யுங்கன்னு சொல்லியிருக்காங்க. ஒரு தெரபிஸ்ட்கிட்ட பேசினோம், வாரத்துக்கு ரெண்டு செஷன், செஷனுக்கு 2,500, போக்குவரத்தெல்லாம் அதுலயே அடக்கம். ஆக மொத்தக் காசும் அதுக்கே சரியாப் போயிடும். எங்க செக்ரட்டரி ஐயா சொல்றது, 16,000 கொடுத்தா இன்னொரு நைட் அட்டெண்டர் கிடைப்பாங்க, பாட்டுக்கு எதுக்கு இவ்வளவுன்னு. கொடுக்குறவங்களும் எங்க இஷ்டம்னு விட்டுட்டாங்க.

பாட்டு நல்லதா இல்லையான்னு நான் கேக்கல, வாட்ஸ்அப்ல வர்ற வீடியோவெல்லாம் பாத்தாச்சு, ஹெட்ஃபோன் மாட்டினதும் கண்ணு தொறந்து பேசுறாங்கன்னு. எனக்கு வேணும்கிறது போடுற காசுக்கு என்ன கிடைக்கும்கிற கணக்கு. யாராவது இதுல வேலை பாக்குறவங்க, படிச்சவங்க இருந்தா சொல்லுங்க, வர்ற ஞாயித்துக்கிழமை கமிட்டி மீட்டிங்ல நான் பேசணும்.

---

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்:

அண்ணா, நான் இங்கிலாந்துல வடக்குப் பக்கம் ஒரு கேர் ஹோம்ல நர்ஸா இருக்கேன், சொந்த ஊர் தஞ்சாவூர். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ராத்திரி 22 பேருக்கு ஒரு ஆள்ங்கிறது ஆபத்து. ஒருத்தரை பாத்ரூம் கூட்டிட்டுப் போற நேரத்துல இன்னொருத்தர் கட்டில்லேர்ந்து இறங்கினா யாரு பாக்குறது? அதையும் பாட்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. நைட் ஆள் எப்படியும் வேணும், அதுக்கு வழி தேடுங்க.

அடுத்தது பாட்டு. இங்க எந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு வழிகாட்டுற நைஸ்ங்கிற அமைப்பு 2018ல டிமென்ஷியாவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க, ஆத்திரம் அலைச்சல் இருக்கிறவங்களுக்கு அந்தந்த ஆளுக்குப் பிடிச்ச மாதிரி செயல்பாடுகள் கொடுங்கன்னு அதுல இருக்கு. மாத்திரையை எடுத்தவுடனே நீட்டக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க, ஏன்னா டிமென்ஷியா இருக்கிற வயசானவங்களுக்கு ஆன்டிசைக்கோட்டிக், அதாவது மனநோய்க்குக் கொடுக்குற மாத்திரை, கொடுத்தா இறப்பு அபாயம் கூடுதுன்னு அமெரிக்காவுல மருந்துகளைக் கட்டுப்படுத்துற எஃப்டிஏ 2005லயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டாச்சு.

எங்க ஹோம்ல ஒரு பாட்டி, உடம்பு துடைக்கவே விட மாட்டாங்க. டவலைக் கண்டாலே கையை முறுக்கிக்குவாங்க, அடி கூட விழும். கூட வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி, அவங்க சின்ன வயசுல சர்ச்ல பாடின ஒரு கீதத்தை முணுமுணுத்துக்கிட்டே தோள்லேர்ந்து ஆரம்பிப்பா, வார்த்தை கூட கிடையாது, வெறும் ம்ம்ம்தான். ரெண்டாவது வரியில பாட்டியோட விரல் தளர ஆரம்பிக்கும், கையை அவங்களே நீட்டுவாங்க. ரெண்டு பேர் புடிச்சுக்கிட்டு செய்ய வேண்டிய வேலையை அவ ஒருத்தியே முடிச்சிட்டு வந்துடுவா. இதுக்கு ஒரு பைசா தனியா செலவு இல்ல, ஆனா அந்தப் பொண்ணுக்கு யாரோ ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருக்காங்க, அதுதான் செலவு.

தெரபிஸ்ட் செவ்வாயும் வெள்ளியும் வந்துட்டுப் போயிடுவாங்க. குளிக்க வைக்கிறது, உடுப்பு மாத்துறது, உங்க நாலரை மணி, இதெல்லாம் தினமும் வரும். அப்ப கூட இருக்கிறது அட்டெண்டர்தான்.

---

மருத்துவப்_பொருளாதாரம்:

நான் ஹெல்த் எகனாமிக்ஸ் படிச்சு அதுலயே வேலை பாக்குறேன், நீங்க கேட்ட கேள்விக்கு நேரடியா வர்றேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கோங்க.

இந்த விஷயத்துல ஆளாளுக்கு எடுத்துக் காட்டுற ஒரு கணக்கு இருக்கு. லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகத்துல ஜில் லிவிங்ஸ்டன் தலைமையில 2014ல வந்த ஒரு பெரிய ஆய்வறிக்கை, டிமென்ஷியாவுல வர்ற அமைதியின்மைக்கு மருந்தில்லாத வழிகள் எது வேலை செய்யுது, எவ்வளவு ஆகுதுன்னு அலசினாங்க. அமைதியின்மையை அளக்க சிஎம்ஏஐன்னு ஒரு அளவுகோல், 29 நடத்தைகள், ஒவ்வொண்ணும் எவ்வளவு அடிக்கடி வருதுன்னு 1லேர்ந்து 7 வரைக்கும் மார்க் போடுவாங்க. அதுல ஒரு பாயிண்ட் குறைக்க மியூசிக் தெரபிக்கு ஆன செலவு சுமார் 4 பவுண்டு, மத்த குழு செயல்பாடுகளுக்கு 162லேர்ந்து 3,480 பவுண்டு வரைக்கும் போச்சு, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்த வகையில 6 பவுண்டு சொச்சத்துலேர்ந்து கிட்டத்தட்ட 70 வரைக்கும். மியூசிக் தெரபிக்கு ஒரு ஆளுக்கு ஆன மொத்தச் செலவே 13லேர்ந்து 27 பவுண்டுதான்.

இதைப் பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க. அதே அறிக்கையில, பாட்டோட பலன் அந்த செஷன் நேரத்துலயும் அதை ஒட்டியும்தான், நீண்ட காலத்துக்கு நிக்குதுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல, தீவிரமான அமைதியின்மைக்கும் ஆதாரம் இல்லன்னு தெளிவா இருக்கு. அப்ப 4 பவுண்டுங்கிறது ஒரு பாயிண்ட்டை நிரந்தரமா வாங்குற விலை இல்ல, கொஞ்ச நேரத்துக்கு வாடகைக்கு எடுக்குற விலை. நீங்க அதை எந்த நேரத்துல வாடகைக்கு எடுக்குறீங்கங்கிறதுதான் முக்கியம். காலையில பத்தரை மணிக்கு எல்லாரும் அமைதியா உக்காந்திருக்கும்போது செஷன் வச்சா கணக்குப்படி வீண்.

அப்புறம் காக்ரேன் தொகுப்பு, ஒரே விஷயத்துல வந்த மருத்துவ ஆய்வுகளைச் சேத்து வச்சு அலசுறது, 2025ல புதுப்பிச்சாங்க, 30 ஆய்வுகள், 1,720 பேர். மனச்சோர்வு ஓரளவு குறையுது, நடத்தைச் சிக்கல்கள் மொத்தமா கொஞ்சம் குறையலாம். ஞாபக சக்தி திரும்புமான்னு கேட்டா அதுக்கு நம்பிக்கை தர்ற ஆதாரம் இல்ல. செஷன்களை நிறுத்தி ஒரு மாசம் கழிச்சு பலன் நிக்குதான்னும் உறுதியா சொல்ல முடியல. கமிட்டியில யாராவது மறதி குணமாகுமான்னு கேட்டா ஆகாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க, அந்த எதிர்பார்ப்போட ஆரம்பிச்சா ரெண்டு மாசத்துல எல்லாரும் கைவிட்டுடுவாங்க.

உங்களுக்கு ரொம்பப் பொருத்தமானது மிடெல்னு ஒரு ஆய்வு. ஆஸ்திரேலியாவுல 20 பராமரிப்பு இல்லப் பிரிவுகள், 318 பேர், எல்லாருக்கும் டிமென்ஷியாவோட மனச்சோர்வும் இருந்தது, 2022ல லான்செட் ஹெல்தி லாஞ்சிவிட்டியில வந்தது. சின்னக் குழுவா வச்சுப் பண்ற மியூசிக் தெரபி ஒரு பக்கம், எல்லாரும் சேந்து பாடுற கொயர் ஒரு பக்கம். 6 மாசத்துல மனச்சோர்வு தெளிவா குறைஞ்சது கொயர்ல. தெரபி குழுவுல அந்த அளவு வித்தியாசம் தெரியல. அதாவது எளிமையான வழி ஜெயிச்சிருக்கு.

ஹெட்ஃபோன் வீடியோ பத்தி சொன்னீங்க. அமெரிக்காவுல 54 நர்சிங் ஹோம்ல ஒவ்வொருத்தருக்கும் அவங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஏத்தின பிளேயர் கொடுத்து ஒரு சோதனை பண்ணினாங்க, ஊழியர்கள் சொன்ன கணக்குல அமைதியின்மையோ ஆன்டிசைக்கோட்டிக் மாத்திரையோ குறிப்பிடற அளவுக்குக் குறையல. கருவியை வாங்கிக் கொடுத்தா மட்டும் போதாது, வேலை நெருக்கடியில யாரு எடுத்து மாட்டி விடுறது, எப்ப மாட்டி விடுறதுங்கிறதுதான் விஷயம்.

இன்னொண்ணு, இதை யாரும் யோசிக்கிறதில்ல. இங்கிலாந்துல இந்தக் கணக்கு நல்லா வர்றதுக்கு ஒரு காரணம் அங்க ஆள் செலவு அதிகம், ஒரு ஊழியரோட அரை மணி நேரம் மிச்சமானாலே பவுண்டுல தெரியும். நம்ம ஊர்ல உங்க தெரபிஸ்ட்டோட ரெண்டு செஷன் காசுல ஒரு அட்டெண்டர் ஒன்பது நாள் வேலை பாப்பாங்க. அதனால ஆள் நேரம் மிச்சம், மாத்திரைச் செலவு மிச்சம்னு சொல்லி நம்ம ஊர்ல இதை நியாயப்படுத்த முடியாது, மாத்திரை இங்க விலை குறைவு. உங்க லெட்ஜர்ல பணம் திரும்பி வராது. பலன் அந்தப் பெரியவங்களோட சாயங்காலத்துல வரும், அதுக்குக் காசு போட கமிட்டி தயாராங்கிறதுதான் கேள்வி. நான் தயாரா இருக்கணும்னு நினைக்கிறேன், ஆனா தெரிஞ்சு போடணும்.

---

மதுரை_மக:

மேல எழுதினவங்க எல்லாம் படிச்சவங்க, நான் வீட்டுல மாமியாரை வச்சுப் பாத்துக்கிட்டவ, அதனால கைக்கு உதவுற நாலு விஷயம் மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, காசு போடுறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் காதைப் பாக்கச் சொல்லுங்க. எங்க அத்தைக்கு எந்தப் பாட்டு போட்டாலும் மூஞ்சியைச் சுளிச்சிக்கிட்டே இருந்தாங்க, பிடிக்கலன்னு நினைச்சோம், ஈஎன்டி டாக்டர் ரெண்டு காதுலேர்ந்தும் குறும்பி எடுத்துப் போட்டாரு, அன்னிக்கு சாயங்காலமே தொடையில தாளம் போட்டாங்க. யூட்யூப்ல போடாதீங்க, பாட்டுக்கு நடுவுல திடீர்னு விளம்பரம் அலறும், அதுல பயந்தவங்களை அப்புறம் சமாதானப்படுத்தவே முடியாது, பென் டிரைவ் போடுற ஸ்பீக்கரோ பழைய பாட்டு ஏத்தியிருக்கிற கார்வான் பெட்டி மாதிரியோ போதும். டிவி ஓடும்போது பாட்டு வேண்டவே வேண்டாம், ரெண்டு சத்தம் சேந்தா அவங்களுக்குக் குழப்பம்.

முக்கியமா, என்ன பாட்டு. அட்டெண்டர் பொண்ணுங்க அவங்களுக்குப் பிடிச்சதைப் போடுவாங்க, பழைய பாட்டுன்னு எண்பதுகள் பாட்டைப் போடுவாங்க. எண்பது வயசுக்காரருக்கு அவரோட பதினஞ்சுலேர்ந்து இருபத்தஞ்சு வயசுல கேட்டதுதான் ஒட்டியிருக்கும், அது அறுபதுகள், சிலோன் ரேடியோ காலம். எல்லாருக்கும் சினிமாவும் கிடையாது, எங்க அத்தைக்கு மார்கழி பஜனையும் நாத்து நடும்போது பாடுற பாட்டும்தான். புள்ளைங்களைக் கேட்டா தெரியாது, தங்கச்சி தம்பி உயிரோட இருந்தா அவங்களைக் கேளுங்க. ஒருசில பாட்டு அழ வைக்கும், அழுறதெல்லாம் கெட்டதில்ல, ஆனா அழுது முடிச்சு அமைதியாகுறாங்களா இல்ல இன்னும் தவிக்கிறாங்களான்னு கூட இருந்து பாக்கணும், தவிச்சா அந்தப் பாட்டை எடுத்துடணும்.

எங்க தெருவுலயே இன்னொரு பெரியவர், அவருக்குப் பாட்டே ஆகாது, எழுந்து போயிடுவார். அவர் கையில வெண்டைக்காய் கொடுத்து நறுக்கச் சொன்னா மணிக்கணக்கா உக்காந்திருப்பார். அதனால 14 பேருக்கும் பாட்டுன்னு எழுதிடாதீங்க அண்ணா.

---

சுருதி_சேரும்:

நான் மியூசிக் தெரபிஸ்ட், கோயம்புத்தூர். என் தொழிலுக்கு நானே பேசுறேன்னு நினைச்சாலும் பரவாயில்ல, சில விஷயம் விடுபட்டுப்போச்சு.

மருத்துவப்_பொருளாதாரம் சார் சொன்ன கொயர் முடிவு உண்மைதான், நானும் அதை ஏத்துக்கிறேன். ஆனா அது மனச்சோர்வை அளந்தது. உங்க ஹோம்ல முத்திப்போன அந்த நாலஞ்சு பேர் கொயர்ல உக்கார முடியாது, வார்த்தை போயிடுச்சு, கூட்டம்னாலே மிரளுவாங்க. அவங்ககிட்ட நாங்க செய்யிற வேலை வேற. கேட்டைப் புடிச்சு ஆட்டுறார்னு எழுதியிருக்கீங்களே, அவர்கிட்ட மெதுவான தாலாட்டைப் போட்டா எரிச்சல்தான் வரும். அவர் ஆட்டுற வேகம் என்னவோ அதே வேகத்துல முதல்ல தட்டணும், தப்போ கஞ்சிராவோ, ஒண்ணும் இல்லன்னா கேட் கம்பியிலயே தட்டலாம். அவர் காது நம்ம பக்கம் திரும்பினதும் நூல் நூலா வேகத்தைக் குறைக்கணும், அவரும் கூடவே இறங்கி வருவார், அவசரப்பட்டு சடார்னு குறைச்சா அறுந்துபோயிடும், திரும்ப முதல்லேர்ந்து. இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாது, பக்கத்துல நின்னு பாத்துச் செஞ்சு பழகணும், பத்து பன்னெண்டு தடவை கூட நின்னா ஒரு நல்ல அட்டெண்டருக்கு வந்துடும்.

பாட்டு ஏன் கடைசி வரைக்கும் நிக்குதுன்னு கேக்குறவங்களுக்கு, ஜெர்மனியில லைப்சிக் மேக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சியாளர்கள் 2015ல காட்டினாங்க, ரொம்ப நாள் பழகின பாட்டு ஞாபகத்தோட தொடர்புள்ள மூளைப் பகுதிகள் அல்சைமர்ல மத்த இடங்களை விட குறைவாத்தான் தேயுது. அதனால பேச்சு போன பிறகும் இந்தக் கதவு திறந்திருக்கு, அதை யாரு தட்டுறாங்கங்கிறதுதான்.

பின்லாந்துல 2014ல ஒரு ஆய்வு, 89 ஜோடி, நோயாளியும் அவங்களைப் பாத்துக்கிறவங்களும். பாத்துக்கிறவங்களுக்கு 10 வாரம் பாடவும் பாட்டுக் கேட்க வைக்கவும் பயிற்சி. மனநிலை, சுத்தி என்ன நடக்குதுங்கிற தெளிவு ரெண்டுலயும் முன்னேற்றம் இருந்தது. நான் உங்க இடத்துல இருந்தா தெரபிஸ்ட்டை வருஷம் பூரா வாரம் ரெண்டு தடவை கூப்பிட மாட்டேன். முதல் ரெண்டு மாசம் முழுசா கூப்பிட்டு, ஒவ்வொரு செஷன்லயும் ரெண்டு அட்டெண்டர் கட்டாயம் கூட இருக்கணும்னு நிபந்தனை போட்டு, அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகச் சொல்வேன். என் மாதிரி ஆளுங்களுக்கு வருமானம் குறையும், இருந்தாலும் உங்க பெரியவங்களுக்கு அதுதான் நல்லது.

---

மருத்துவப்_பொருளாதாரம்:

சுருதி_சேரும் சொல்றதை ஒத்துக்கிறேன், கூட ஒரு எச்சரிக்கை. வீட்டுல பாத்துக்கிறவங்களுக்குப் பயிற்சி கொடுத்து ஹோம்சைடுன்னு 5 நாட்டுல பண்ணின ஆய்வுல, 432 ஜோடி, 90 நாள் கழிச்சுப் பாத்தப்ப வழக்கமான பராமரிப்பை விட நடத்தைச் சிக்கல்கள் குறையல. பின்லாந்து மாதிரி எல்லா இடத்துலயும் வந்துடாது. அதனால காசு போட்டதும் அளக்க ஆரம்பிங்க, நீங்க அளக்காம நல்லா இருக்கிற மாதிரி தெரியுதுன்னு சொன்னா அடுத்த வருஷம் யாரும் தர மாட்டாங்க.

இப்படிப் பாருங்க. முதல் 2 மாசம் தெரபிஸ்ட், 40,000. மீதி 10 மாசம் நைட் அட்டெண்டர் 16,000, தெரபிஸ்ட் மாசம் ஒரு தடவை 2,500, அது 1,85,000. மொத்தம் 2,25,000, உங்க 2,40,000ல 15,000 மிச்சம், ஸ்பீக்கரும் காது டாக்டரும் அதுல அடங்கும். அட்டெண்டர் ஷிஃப்ட்டை ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிக்காம சாயங்காலம் நாலு மணிக்கே ஆரம்பிச்சா உங்க நாலரை மணிப் பிரச்சனைக்கும் ஒரு ஆள் கூடும்.

---

நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்:

அந்த முதல் ரெண்டு மாசம் ராத்திரி யாரு பாக்குறது? அதை விட்டுட்டீங்களே சார். பாட்டுப் பயிற்சி முடியிற வரைக்கும் யாரும் விழ மாட்டாங்கன்னு எழுதிக் கொடுக்க முடியுமா?

---

காவிரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு மீட்டிங் முடிஞ்சு எழுதுறேன். நர்ஸ் தங்கச்சி கேட்டதைத்தான் எங்க செக்ரட்டரி ஐயாவும் முதல்ல கேட்டார். கடைசியில அந்த ரெண்டு மாசச் சம்பளம் 32,000ஐ டிரஸ்ட் பொது நிதியிலேர்ந்து எடுக்க அவரே ஒத்துக்கிட்டார், அட்டெண்டர் ஒண்ணாம் தேதியே வேலைக்கு வர்றாங்க. ஷிஃப்ட் நாலு மணிக்கு. தெரபிஸ்ட்டும் அட்டெண்டருங்க கூட இருக்கணும்கிற நிபந்தனைக்குச் சரின்னுட்டார், செஷன் நேரத்தையும் நாலு மணிக்கு மாத்தியாச்சு.

எழுதி வைக்கிறதுக்கு ஒரு நோட்டு போடப்போறோம், என்னென்ன குறிக்கணும்? அந்தப் பொண்ணுங்க பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்குங்க, 29 கேள்வியெல்லாம் நடக்காது.

---

மருத்துவப்_பொருளாதாரம்:

29 வேண்டாம் சார். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம், தினமும் நாலு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் மட்டும். அரை மணிக்கு ஒரு கட்டம், அமைதியா இருந்தா ஒரு கோடு, தவிச்சா ஒரு பெருக்கல் குறி, ஆளைப் புடிக்க வேண்டி வந்தா ரெண்டு பெருக்கல். பாட்டு நடந்த நாளா இல்லையான்னு மேல ஒரு டிக். அவசரத்துக்குக் கொடுத்த தூக்க மாத்திரை எதுன்னாலும் அதே பக்கத்துல எழுதணும். தெரபிஸ்ட் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நோட்டை ஆரம்பிச்சிடுங்க, முன்னாடி எப்படி இருந்ததுன்னு தெரியாம பின்னாடி எழுதுறதுல பிரயோஜனம் இல்ல. மூணு மாசம் கழிச்சு நோட்டை ஃபோட்டோ எடுத்து, பேர் தெரியாம மறைச்சு இங்க போடுங்க, கூட்டிப் பாத்துச் சொல்றேன்.

---

மதுரை_மக:

அட்டெண்டர் பொண்ணுங்க பேரையும் அந்தப் பக்கத்துல எழுதச் சொல்லுங்க அண்ணா. யாரு டியூட்டியில இருந்தா அமைதியா இருக்குன்னு அதுலேர்ந்தே தெரிஞ்சுடும். அந்தப் பொண்ணுக்கு மிச்சம் 15,000லேர்ந்து மாசம் ஏதாவது கூட்டிக் கொடுங்க, பழகினவ வேலையை விட்டுப் போயிட்டா தெரபிஸ்ட்டுக்குக் கொடுத்த காசும் அவ கூடவே போயிடும்.